மாயகிருஷ்ண நாயக்கரின் வாய்

கோவில்பட்டியில் ஆயில் பெயிண்டில் ஆள் படம் வரைந்துவந்த சங்கிலிப்பாண்டி, காலையில் பல் விளக்குவார், சாமி கும்பிடுவார், பிறகு தம் கடை வாசலில் நின்று எதிர்ச்சாரியில் இருக்கும் வெயிலுமுத்துவின் கடைக்கு யார் யார் போகிறார்கள் என்று பார்ப்பார். காய்ச்சல் வந்தால் முதல் இரண்டும் விட்டுப்போவதுண்டு. மூன்றாவதை விட்டதில்லை. போர்வையைப் போர்த்திக்கொண்டாவது வந்து நின்று பார்த்துவிட்டுப் போய்ப் படுப்பார். ஊர் அதைப் பொறாமை என்று சொன்னது. ஊருக்கு எதையும் சுருக்கிச் சொல்லித்தான் பழக்கம். பதினோரு வருடம், ஞாயிற்றுக்கிழமைகூட விடுப்பு எடுக்காமல், ஒரு பலனும் எதிர்பாராமல் ஒருவர் ஒரு காரியத்தைச் செய்துவந்தால் அதற்கு இன்னும் கொஞ்சம் கௌரவமான பெயர் இருக்க வேண்டும்.

இறந்துபோனவர்களின் சின்னப் போட்டோவைப் பெரிய படமாக வரைந்து கொடுப்பதுதான் இருவருக்கும் தொழில். போட்டோமேல் பென்சிலால் கட்டம் போட்டு, அதே எண்ணிக்கையில் துணியில் பெரிய கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டமாக ஆளை இறக்க வேண்டும். வேட்டி மடிப்பு வரைவதில் சங்கிலிப்பாண்டியை மிஞ்ச ஆள் இல்லை. நாற்காலிக் கைப்பிடியில் வெளிச்சம் வழுக்கும். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து முகம் துடைக்கலாம் போலிருக்கும். படத்தை வாங்க வருகிறவர்கள் தலையைச் சாய்த்துச் சாய்த்து நெடுநேரம் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு, "துண்டு அப்படியே இருக்கு அண்ணாச்சி" என்பார்கள்.

எதிர்க்கடையில் நடப்பது வேறு. வெயிலுமுத்து காகிதத்தைப் பிரித்ததும் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வார்கள். "ஐயோ, எங்கய்யா!" என்று ஒரு சத்தம் ரோட்டைத் தாண்டி வந்து சங்கிலிப்பாண்டியின் அடிவயிற்றில் இறங்கும். இத்தனைக்கும் வெயிலுமுத்து வரைகிற வேட்டி மாவுக்கட்டுப் போட்ட கால் மாதிரி இருக்கும். அதை ஒருவரும் கவனிக்காததுதான் இந்த உலகத்தின் அநியாயங்களில் தலையாயது என்பது சங்கிலிப்பாண்டியின் முடிவு. அவருக்கு வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்று. ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு ஆள், தம் படத்தைப் பார்த்துத் துண்டைப் பற்றிப் பேசாமல், "அவியதான்", அதாவது அவரேதான், என்று சொல்லிவிட வேண்டும்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மனைவி கற்பகத்திடம் கேட்டுப் பார்த்தார்.

"ஏட்டி, நான் செத்துப்போனா எம் படத்த யாருட்ட குடுத்து வரையச் சொல்லுவ?"

கற்பகம் யோசிக்கவே இல்லை. "மூஞ்சிய வெயிலுமுத்துட்ட குடுப்பேன். வேட்டி துண்ட நீங்களே இப்பமே வரைஞ்சு வச்சிருங்க. அதுல உங்கள அடிச்சிக்கிட ஆளு கிடையாது."

அன்று ரசத்தோடு எழுந்துவிட்டார்.

இப்படியிருக்கையில், தொண்ணூற்றேழாம் வருடம் ஆடி மாதம், புதூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சீனிராஜ் என்கிறவர் கடைக்கு வந்தார். பருத்தியும் மிளகாயும் போடுகிற சம்சாரி. அவருடைய அப்பா மாயகிருஷ்ண நாயக்கர் போன ஆவணியில் இறந்துபோயிருந்தார்.

"அண்ணாச்சி, உள்ளதச் சொல்லிருதேன். வெயிலுமுத்துட்டதான் வரணும்னு கிளம்புனேன். எங்க அண்ணன் நேத்தே அவருட்ட குடுத்துட்டான்."

"அதுக்கென்ன, உக்காருங்க" என்றார் சங்கிலிப்பாண்டி. அந்த இரண்டு சொல்லைச் சொல்ல அவர் செய்த முயற்சியில் ஒரு படமே வரைந்து முடித்திருக்கலாம்.

விஷயம் இதுதான். மூத்தவர் அழகிரிசாமியும் இளையவர் சீனிராஜும் வீட்டுக்கு நடுவில் சுவர் எழுப்பிப் பேச்சை நிறுத்தி நாலு வருடம் ஆகியிருந்தது. சுவர் தொடாமல் மிச்சமிருந்த பழைய கூடத்தில் அம்மா ரெங்கம்மாள் இருந்தார். ஆவணியில் வருகிற முதல் திவசத்தன்று இரண்டு படங்களையும் அவர் பார்ப்பார். எதைத் தம் வீட்டுக்காரர் என்று சொல்கிறாரோ அது கூடத்தில் தொங்கும். மற்றது தானியக் குலுக்கைக்குப் பின்னால் போகும்.

"எப்படியாவது நம்ம படம் தொங்கிரணும் அண்ணாச்சி."

"தொங்கும்" என்றார் சங்கிலிப்பாண்டி. தொங்காவிட்டால் தாமே தொங்கிவிடுகிறவர் போல இருந்தது அவர் குரல்.

சீனிராஜ் போட்டோவை எடுத்துக் கொடுத்தார். கூட்டுறவுச் சங்கம் திறந்த அன்று எடுத்த கூட்டப் படம்; அண்ணன் கொடுத்ததும் இதன் பிரதிதான். மூன்றாவது வரிசையில் துவரம்பருப்பு அளவில் நாயக்கரின் முகம். அதிலும் மூக்குக்குக் கீழே ஒன்றுமில்லை. முன்வரிசைக்காரர் ஒருவரின் தலைப்பாகை அதை மறைத்திருந்தது. போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று நாயக்கர் கேமராவைக் கண்டால் காட்டுக்குப் போய்விடுவாராம். எண்பத்தோரு வயதுவரை இருந்தார் என்பதால் அந்த நம்பிக்கையைக் குறைசொல்லவும் வழியில்லை.

"வாயி எங்க?"

"அதான் அண்ணாச்சி இல்ல."

இதற்கும் தொழிலில் ஒரு வழி உண்டு. போட்டோவில் இல்லாததைப் பிள்ளைகளின் முகத்திலிருந்து எடுத்துக்கொள்வார்கள். அப்பாவின் மூக்கு மகனிடம் இருக்கும், காது மகளிடம் இருக்கும். குடும்பம் உட்கார்ந்து பேசி முடிவு செய்யும். ஒற்றுமையான குடும்பங்களுக்கென்று ஏற்பட்ட ஏற்பாடு அது.

"மூக்கு எனக்கு அப்படியே நைனா மூக்கு" என்றார் சீனிராஜ். நைனா என்பது அவர்கள் வீட்டில் அப்பா.

"காது?"

"காதும்தான்."

"நெத்தி?"

"நெத்தி அண்ணனுக்குன்னு ஊர்ல சொல்லுவானுவ. அதெல்லாம் சும்மா."

"வாயி?"

"அதுல என்ன சந்தேகம் அண்ணாச்சி?" என்று சீனிராஜ் வாயை மூடி, பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தார்.

வேலை தொடங்கியது. முதல் நான்கு நாள் சட்டத்தில் துணி இழுத்துக் கட்டி, வஜ்ரப் பசையும் வெள்ளையும் பூசிக் காயவைத்துக் கட்டம் போட்டார். ஐந்தாம் நாள் கோடு. ஏழாம் நாள் துண்டு. முகத்தை முதலில் ஆரம்பிப்பதென்றுதான் சபதம் செய்திருந்தார்; ஆனால் கை அதுவாகத் தோள்பட்டைக்குப் போய்விட்டது. ஆடிக் காற்று வேறு. அறுவடை முடிந்து காய்ந்து கிடக்கும் கரிசல் காடுகளையெல்லாம் வாரிக்கொண்டு வந்து ஊருக்குள் கொட்டும். ஈரமான ஆயில் பெயிண்டைக் கண்டால் அந்தக் கறுப்புத் தூசிக்கு ஒரு தனிப் பிரியம். காலையில் மாநிறமாக விட்ட ஆள் மாலையில் கறுத்துப்போயிருப்பார். எதிர்க்கடைக்குக் காற்று முதுகுப்புறம் என்பதால் வெயிலுமுத்துவின் ஆட்கள் மட்டும் நிறம் மாறாமல் இருந்தார்கள். காற்றுகூட ஆள் பார்த்து வீசுவதாகச் சங்கிலிப்பாண்டிக்குத் தோன்றியது. வீட்டிலிருந்த ஒரே கொசுவலையைக் கொண்டுவந்து படத்துக்குக் கட்டினார். மாயகிருஷ்ண நாயக்கர் சுகமாக வலைக்குள் இருந்தார். கற்பகத்தைக் கொசு கடித்தது.

இனி எதிர்க்கடைச் செய்தி. வெயிலுமுத்துவின் மனைவி சந்தனமாரியும் கற்பகமும் சிநேகிதிகள். அந்த வருடங்களில் அந்தத் தெருக்குழாயில் எட்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும். இருவரும் ஒன்றாகக் குடம் வைத்துக்கொண்டு ஒன்றாக நிற்பார்கள். ஆகையால் எட்டு நாளைக்கு ஒருமுறை செய்தியும் வரும். தெருவே தண்ணீருக்காகக் காத்திருந்தது. தண்ணீரே குடிக்காத ஒருவர்போல் செய்திக்காக மட்டும் காத்திருந்தவர் சங்கிலிப்பாண்டி.

"அங்கன எதுவரைக்கும் வந்திருக்காம்?"

"தண்ணியா?"

"படம்டி."

"கண்ணு முடிஞ்சிட்டாம். அந்தக் கண்ணு முன்னால போனா சந்தனமாரிக்கே சேலையச் சரிபண்ணிக்கிடணும்போல வருதாம்."

சங்கிலிப்பாண்டி தம் படத்தைப் பார்த்தார். அதில் அதுவரை முடிந்திருந்தது துண்டும் நாற்காலியும். அன்றே கண்ணில் இறங்கினார். மூன்று நாள் வரைந்தார். சீனிராஜின் கண் தூங்கி எழுந்த கண் என்பதால் நாயக்கருக்கும் அதுவே அமைந்தது.

அடுத்த தண்ணீர் நாளில் கேட்டார்: "வாயிக்கு என்ன செஞ்சானாம்?"

"மீசைய வச்சு மூடிட்டாராம்."

"ஏமாத்துப் பய! இது ஒரு தொழிலா?" என்று கொதித்தார். அன்று மாலையே தம் நாயக்கருக்கும் மீசை வைத்தார். எதிர்க்கடை மீசையைவிட இரண்டு விரல்கடை அகலமாக.

அதற்கடுத்த தண்ணீர் நாளில் கற்பகம் வந்து குடத்தை இறக்கிவைத்தாள். "அங்கன மீசைய எடுத்துட்டாராம்."

"ஏன்?"

"நீங்க வச்சிட்டீங்கன்னு கேள்விப்பட்டாராம்."

"அவனுக்கு யாரு சொன்னா?"

கற்பகம் சேலை நுனியைப் பிழிந்தாள். "தண்ணி பிடிக்கப் போற எடத்துல வாயக் கட்டிக்கிட்டு நிக்க முடியுமா? அவ ஒண்ணு சொல்லுதா, நான் ஒண்ணு சொல்லுதேன்."

இந்த இடத்தில் வேறொருவராக இருந்தால், எதிரியும் நம்மைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று கொஞ்சம் சந்தோஷப்பட்டிருப்பார். சங்கிலிப்பாண்டி அந்த வகை இல்லை. மீசையை எடுக்கிற தைரியம் அவனுக்கு எப்படி வந்தது, அப்படியானால் உள்ளே எப்படிப்பட்ட வாயை வரைந்திருப்பான் என்று நினைத்து நினைத்து அவருக்கு வயிறு எரிந்தது. எரிகிற வயிற்றோடு கடம்பூர் போளி ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு, ரோட்டைக் கடந்து எதிர்க்கடைக்கே போனார்.

"வாங்க அண்ணாச்சி, வாங்க" என்று வெயிலுமுத்து எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அவன் ஐந்து வயது இளையவன், மரியாதை தெரிந்தவன். அந்த மரியாதை ஒன்றைத்தான் சங்கிலிப்பாண்டியால் எந்த வகையிலும் மன்னிக்க முடியவில்லை.

"சும்மாதான் வந்தேன் தம்பி. டர்பன்டைன் தீந்துட்டு."

"இந்தாங்க, ஒரு பாட்டிலாவே எடுத்துக்கிடுங்க."

படத்தைச் சந்தனமாரியின் பழைய சேலை ஒன்று மூடியிருந்தது. சங்கிலிப்பாண்டி உட்கார்ந்து மழையைப் பேசினார், மிளகாய் விலையைப் பேசினார். காற்று அந்தச் சேலையைத் தூக்குமென்று அரைமணி நேரம் பார்த்தார். ஊரில் உள்ள தகரக் கூரையையெல்லாம் தூக்குகிற ஆடிக் காற்று அன்றைக்கு ஒரு பழஞ்சேலையைத் தூக்கவில்லை.

"அண்ணாச்சி எதையோ பாக்கீங்க போல?"

"காத்து வருதான்னு பாத்தேன்."

திரும்பி வந்து பாட்டிலைத் திறந்து முகர்ந்தார். தாம் வாங்குவதைவிட நல்ல டர்பன்டைன். அதற்கும் சேர்த்து அன்று எரிந்தது.

இப்படியே ஆடி போய் ஆவணி வந்தது. திவசத்துக்கு முதல்நாள் தண்ணீர் வந்தது. எதிர்க்கடையில் கீழுதட்டில் ஒரு வெளிச்சம் போட்டிருக்கிறதாம், அதோடு படம் முடிந்ததாம் என்று செய்தியும் வந்தது. சங்கிலிப்பாண்டியின் படமும் மூன்று நாளுக்கு முன்பே முடிந்து காய்ந்திருந்தது. சும்மா இருந்திருக்கலாம். உதட்டில் ஒரு வெளிச்சம் போட்டார். உதடு பளிச்சென்று ஆனதும் கன்னம் மங்கலாகத் தெரிந்தது. கன்னத்தை ஏற்றியதும் நெற்றி. நெற்றிக்குப் பிறகு மூக்கை விட முடியாது. திவசத்தன்று விடிந்தபோது மாயகிருஷ்ண நாயக்கரின் முகம் முழுக்கத் தொட்டால் ஒட்டும் ஈரமாக இருந்தது.

சங்கிலிப்பாண்டி முகத்தில் படாமல் காகிதம் சுற்றி, கடைசித் திருத்தத்துக்கென்று கலர்ப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு புதூர் பஸ்ஸில் ஏறியபோது பின்படியில் வெயிலுமுத்துவும் ஒரு காகிதப் பொதியோடு ஏறினான். இருவரும் சிரித்துக்கொண்டார்கள். கண்டக்டர் வந்தார்.

"இம்புட்டுப் பெருசா என்ன அண்ணாச்சி?"

"படம். மாயகிருஷ்ண நாயக்கர்."

"பின்னால ஒருத்தர் வச்சிருக்காரே, அது?"

சங்கிலிப்பாண்டி சன்னலுக்கு வெளியே பார்த்தார். "அதுவும் மாயகிருஷ்ண நாயக்கர்னுதான் சொல்லிக்கிடுதாங்க."

"எங்க ஊருப் பக்கத்து ஆளுல்லா. உசுரோட இருந்தப்போ ஒரு ஆளா எங்க பஸ்ல வந்ததே கிடையாது. நடந்தே போவாரு. இப்போ ரெண்டு ஆளா வாராரு" என்று கண்டக்டர் இரண்டு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

கூடத்தில் சொந்தக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். ஐயர் எழுந்து போனதும் இரண்டு படங்களையும் சுவரில் சாய்த்துவைத்துக் காகிதத்தைப் பிரித்தார்கள். படங்களுக்கு இந்தப்பக்கம் அழகிரிசாமி, அந்தப்பக்கம் சீனிராஜ். சங்கிலிப்பாண்டி முதலில் வெயிலுமுத்துவின் படத்தைத்தான் பார்த்தார். கண் பேசியது. அந்த ஒரு நொடியில் தமக்கு ஆறு மாதம் வயது கூடியதாகப் பிறகு சொல்லியிருக்கிறார்.

ரெங்கம்மாள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, எழுந்து, முதல் படத்துக்கு முன்னால் போய் நின்றார்.

"இது பெரியவன். இன்னும் முப்பது வருசம் போனா இப்படித்தான் இருப்பான்."

இரண்டாவது படத்துக்கு வந்தார். "இது சின்னவன். இவனுக்கு எதுக்கு இம்மாம் பெரிய மீசை? துண்டு நல்லாருக்கு."

சங்கிலிப்பாண்டி கண்ணை மூடிக்கொண்டார்.

"அம்மா, இது நைனா" என்றார் சீனிராஜ்.

"இல்லம்மா, இதுதான் நைனா" என்றார் அழகிரிசாமி. நாலு வருடத்தில் இருவரும் அடுத்தடுத்துப் பேசியது அன்றுதான்.

"ஏலே, உங்க நைனாகூட அம்பத்தாறு வருசம் இருந்தது நானா, நீங்களா?" ரெங்கம்மாள் ஓவியர்கள் பக்கம் திரும்பினார். "தம்பிகளா, நீங்க அவியளப் பாத்திருக்கீங்களா?"

"இல்லம்மா."

"பெறவு எங்கிட்ட ஏன் ஒருத்தரும் வந்து கேக்கல?"

நாற்பது நாள். இரண்டு மூக்கு, நான்கு காது, இரண்டு மீசை வைத்தல், ஒரு மீசை எடுத்தல், ஐந்து தண்ணீர் நாள். இரண்டு மகன்கள் வாரம் இரண்டு தடவை பஸ் ஏறி வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். நாயக்கரின் எதிரே அரை நூற்றாண்டு உட்கார்ந்து சாப்பிட்ட, இல்லை, அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒருவர் இந்த வீட்டில் இருக்கிறார், போய் ஒரு வார்த்தை கேட்போம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ரெங்கம்மாள் முதல் படத்தின் கன்னத்தில் விரலை வைத்தார். காய்ந்திருந்தது. இரண்டாவது படத்தின் கன்னத்தில் வைத்தார். விரலில் நாயக்கர் ஒட்டிக்கொண்டு வந்தார்.

"இது ஈரமா இருக்கு. இத அழிச்சிரலாமா?"

"அழிக்கலாம்மா" என்றான் வெயிலுமுத்து, பணிவாக.

"அப்போ இதுலயே போடுங்க. ரெண்டு பேருமாப் போடுங்க. நான் பக்கத்துல இருந்து சொல்லுதேன். சரியா வந்தாத்தான் ரெண்டு பேரும் பஸ் ஏறணும்."

ஆக, சங்கிலிப்பாண்டியின் படம்தான் கடைசியில் தேர்ந்தெடுக்கப்பட்டது. அழிப்பதற்காக. டர்பன்டைனில் நனைத்த துணியால் தம் நாற்பது நாளைத் தாமே துடைத்தார். துடைக்கும்போது எதிரி என்ன முகபாவத்தோடு நிற்கிறான் என்று ஓரக்கண்ணால் பார்த்தார். அவன் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தான்.

காற்றுப் படாத இடமென்று, விலை ஏறட்டும் என்று பருத்தியைப் போட்டுவைத்திருந்த அறையில் படத்தை வைத்தார்கள். தூசிக்குத் தப்பி வந்தால் அங்கே பஞ்சு. முதல்நாள் வேலை முடிந்து மறுநாள் காலையில் போய்ப் பார்த்தபோது நாயக்கருக்கு வெள்ளைத் தாடி முளைத்திருந்தது. "அவிய தாடி வச்சதே இல்ல" என்று ரெங்கம்மாள் முள்வாங்கியை எடுத்துக் கொடுத்தார். காலில் குத்திய கருவேல முள்ளை எடுக்க வாங்கிய சாமான் அது. கோவில்பட்டியின் இரண்டு பெரிய ஓவியர்கள் அதைக்கொண்டு ஒரு காலைப்பொழுது முழுக்க ஒரு பெரியவருக்குச் சவரம் செய்தார்கள்.

யார் எவ்வளவு நேரம் வரைவது என்பதில் இருவரும் ஒத்துவரவில்லை. ரெங்கம்மாளே முறை வைத்தார். அவர் ஒரு வெற்றிலை மென்று துப்பும்வரை ஒருவர். அடுத்த வெற்றிலைக்கு மற்றவர். வெயிலுமுத்துவின் முறையில் வெற்றிலை மெதுவாக மெல்லப்படுவதாகச் சங்கிலிப்பாண்டிக்கு ஒரு சந்தேகம். விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். தம் முறைக்கு இளம் வெற்றிலை, அவன் முறைக்கு முற்றிய வெற்றிலை என்று கண்டுபிடித்தார். எதிரியின் முறை நடக்கும்போது அவன் பிரஷ் நுனியை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். தம் முறை நடக்கும்போதும், அவன் என்ன பார்க்கிறான் என்பதையே பார்த்துக்கொண்டிருப்பார். கை அதுபாட்டுக்கு வரையும்.

"நெத்தி இன்னும் ஏறு. அங்கன இல்ல, மேல. காது சின்னதுங்கேன்லா. மூக்கு நுனி கொஞ்சம் எடதுபக்கம் போகும், மாடு இடிச்சது." இரண்டாம் நாள் மாலைக்குள் வாய் தவிர மற்றதெல்லாம் வந்துவிட்டது. மகன்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்த மூக்கு இரண்டு பேரிடமும் இல்லை. தங்கள் மூக்கைத் தடவிக்கொண்டே போய்விட்டார்கள்.

மூன்றாம் நாள் வாய்க்கு வந்தார்கள்.

"வாயி எப்படிம்மா இருக்கும்? பெருசா, சிறுசா?"

ரெங்கம்மாள் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிப்போட்டார். "அளவெல்லாம் எனக்கென்ன தெரியும்? அவிய எதையாவது சொல்ல வருவாவ. பெறவு வேண்டாம்னு விட்டுருவாவ. அந்த வாயி."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து இப்படி ஓர் உத்தரவு இருவருக்கும் வந்ததில்லை.

சங்கிலிப்பாண்டிக்குச் சொல்ல வருகிற வாய் வந்தது. விட்டுவிடுகிற வாய் வரவில்லை. வெயிலுமுத்து விட்டுவிடுகிற வாயைப் போட்டான். அது கோபித்துக்கொண்ட வாய் ஆயிற்று. "அவியளுக்குக் கோவமே வராது. வந்திருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றார் ரெங்கம்மாள். பதினான்கு வெற்றிலை முடிந்தது. பதினைந்தாவது சங்கிலிப்பாண்டியின் முறை. கடைவாய் ஓரத்தில் ஏதோ ஒரு நிழலை ஒற்றினார். ஒற்றும்போது, பக்கத்தில் நின்ற வெயிலுமுத்து புருவத்தை உயர்த்துவதைக் கவனித்தார். ஏன் உயர்த்துகிறான் என்று யோசித்துக்கொண்டே விலகினார். வெயிலுமுத்து முன்னால் வந்தான். அவன் பிரஷ் அதே ஓரத்தை ஒருமுறை தொட்டு எடுத்ததைச் சங்கிலிப்பாண்டி கண்ணாரக் கண்டார்.

"நிறுத்துங்க" என்றார் ரெங்கம்மாள்.

இருவரும் விலகினார்கள். அவர் கட்டிலைவிட்டு எழுந்திருக்கவில்லை. வெற்றிலையை மெல்லுவதையும் நிறுத்தியிருந்தார்.

"அவியதான்" என்றார். பிறகு படத்திடம், "இப்பவாவது சொல்லித் தொலைக்கலாம்லா?" என்றார்.

வெயிலுமுத்து துண்டால் கண்ணைத் துடைத்தான். சங்கிலிப்பாண்டிக்கும் துடைக்க வேண்டியிருந்தது. ஆனால் காரணம் வேறு. ஆயுசில் ஒருமுறை கேட்க வேண்டும் என்று நினைத்திருந்த சொல் வந்தேவிட்டது. அவருடைய துணியில், அவருடைய நாற்காலியில், அவர் மூன்றடி தூரத்தில் நிற்கும்போது வந்தது. அவன் பிரஷ் தொட்ட நிமிஷத்தில் வந்தது.

வலது மூலையில் யார் கையெழுத்துப் போடுவது என்ற பேச்சு எழுந்தபோது ரெங்கம்மாள், "அவிய மேல வேற எவன் பேரும் வேண்டாம்" என்று முடித்துவிட்டார். படம் கூடத்தில் ஏறியது. ஓவியர்கள் பஸ் ஏறினார்கள். ஒரே சீட்டில் உட்கார்ந்து, ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு கோவில்பட்டி வந்து சேர்ந்தார்கள்.

அதன் பிறகு சங்கிலிப்பாண்டிக்குச் சோறு இறங்கவில்லை. இதுவரை அவர் பட்டதெல்லாம் அனுமானத்தின் பேரில் பட்டது. இப்போது கண்ணால் பார்த்துவிட்டார். காலையில் கடை வாசலில் நிற்பதைக்கூட நிறுத்திவிட்டார். பதினோரு வருடப் பழக்கம் அப்படி அறுந்ததைக் கண்டு கற்பகத்துக்கே பயம் வந்து, ஆஸ்பத்திரிக்குப் போவோமா என்று கேட்டாள். இப்படி இரண்டு தண்ணீர் நாள் போயிற்று. மூன்றாவது தண்ணீர் நாளில் அவள் வெறும் குடத்தோடு வேகமாக வந்தாள்.

"என்னங்க, சந்தனமாரி அங்கன அழுதுக்கிட்டு நிக்கா. அவ வீட்டுக்காரரு இருவது நாளாச் சரியாச் சாப்பிடலையாம். கடையும் தொறக்கலையாம்."

"ஏன், அவனுக்கு என்ன கேடு?"

"அந்த நாயக்கரு வாய நீங்க போட்டுட்டீங்களாம்."

சங்கிலிப்பாண்டி மெதுவாக எழுந்தார். கற்பகத்திடம் அதை மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னார். சொன்னாள். சட்டையை மாட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்தார்.

கடைக் கதவு அரைவாசி திறந்திருந்தது. வெயிலுமுத்து முகச்சவரம் செய்யாமல், காலி துணிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். "வாங்க அண்ணாச்சி" என்றான். நாற்காலியைத் துடைத்துப் போடவில்லை. சங்கிலிப்பாண்டிக்கு அதுவே பாதி குளிர்ந்தது.

"என்ன தம்பி, ஒடம்புக்குச் சுகமில்லையா?"

"ஒடம்புக்கென்ன." அவன் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "அண்ணாச்சி, கேட்டாத் தப்பா நெனைக்கக்கூடாது. அந்தக் கடைவாயி ஓரத்துல நீங்க என்ன கலந்து வச்சீங்க?"

"நீயும்தான தொட்ட?"

"பஞ்சு ஒட்டியிருந்துச்சு அண்ணாச்சி. அத எடுக்கத்தான் தொட்டேன். பிரஷ்ல பெயிண்டே இல்ல. நீங்க வச்சதும் எனக்குத் தெரிஞ்சிட்டு, இதான்னு. பச்ச மண்ணா? கொஞ்சம் நீலமா? இருவது நாளாக் கலந்து பாக்கேன், வர மாட்டேங்கு."

அறை மூலையில் வரிசையாகச் சாய்த்துவைத்திருந்த அட்டைகளைச் சங்கிலிப்பாண்டி அப்போதுதான் பார்த்தார். ஒவ்வொன்றிலும் ஒரு வாய். முகமில்லாமல் முப்பது நாற்பது வாய்கள். எல்லாமே சொல்ல வந்தன, ஒன்றுகூட விட்டுவிடவில்லை. அவர் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, உதட்டைப் பிதுக்கிவிட்டு வைத்தார். அவசரமே படவில்லை.

"சொல்லுங்க அண்ணாச்சி."

"அதெல்லாம் வெளிய சொல்லுத விசயமா தம்பி?" என்றார் சங்கிலிப்பாண்டி. தோளில் ஒரு தட்டுத் தட்டினார். "சாப்பிடு. ஒடம்பப் பாத்துக்கோ. வாரேன்."

ரோட்டைக் கடக்கும்போது ஒரு சைக்கிள்காரர் மணி அடித்தது அவருக்குக் கேட்கவில்லை. கடைக்குள் வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று புதூரிலிருந்து கொண்டுவந்து அப்படியே போட்டிருந்த கலர்ப் பலகையைப் பெஞ்சுக்கு அடியிலிருந்து இழுத்து எடுத்தார். நிறங்களெல்லாம் காய்ந்து, பஞ்சும் தூசியும் ஒட்டி ஒரே கறுப்பாகக் கிடந்தன. நகத்தால் சுரண்டிப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். ஓர் ஓரத்தை எச்சில் தொட்டுத் தேய்த்தும் பார்த்தார். பச்ச மண்ணா? கொஞ்சம் நீலமா?

கற்பகம் சோற்றுத்தட்டோடு வந்து கதவைத் தட்டினாள்.

"செத்த இருடி" என்றார் உள்ளேயிருந்து. "அந்தப் பய மறுபடி கேக்கதுக்கு முன்னால நான் கண்டுபிடிச்சாகணும்."